டியூப் ஆம்ப்பில் பயாஸ் கோளாறா? பிரீசெட்டைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

கிடார் ஆம்ப்பில் சத்தம் சரியில்லை என்றதும், "பயாஸ் போயிருக்கும், கொஞ்சம் திருகிப் பாரு" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் பயாஸ் தானாக எங்கும் போவதில்லை. ஒரு கெப்பாசிட்டர் கசிந்திருக்கும், சாக்கெட்டில் ஒரு பின் தளர்ந்திருக்கும், அல்லது டியூபுக்கே ஆயுள் முடிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பிரீசெட்டை, அதாவது பயாஸை மாற்றும் சின்னத் திருகு ரெசிஸ்டரை, திருகினால் அறிகுறி மட்டும் மறையும். பழுது உள்ளேயே இருந்துகொண்டு அடுத்த டியூபையும், சில சமயம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் காவு வாங்கும். அதனால் இங்கே பிரீசெட் கடைசியில்தான் வரும்.

பயாஸ் என்பது பைக்கில் ஐடிலிங் வைப்பது மாதிரி. கிடாரை வாசிக்காதபோதும் அவுட்புட் டியூப் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட டியூப்) வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டியூபுக்குள் எலக்ட்ரான்கள் கேத்தோடிலிருந்து கிளம்பி, கண்ட்ரோல் கிரிட், ஸ்கிரீன் என்ற கம்பி வலைகளைத் தாண்டி பிளேட்டுக்குப் போகும். மின்னோட்டம் எவ்வளவு என்பதை கண்ட்ரோல் கிரிட்டில் இருக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. இங்கே பலருக்குக் குழப்பம் வரும். மைனஸ் 45-இலிருந்து மைனஸ் 50-க்குப் போனால் மின்னோட்டம் குறையும், டியூப் குளிரும். மைனஸ் 40-க்கு வந்தால் மின்னோட்டம் ஏறும், டியூப் சூடாகும்.

உதாரணத்துக்கு மூன்று ஆம்ப்களை வைத்துக்கொள்வோம். 6எல்6 டியூப் நான்கு போட்ட ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், ஈஎல்34 நான்கு போட்ட மார்ஷல் 2203, ஈஎல்84 நான்கு போட்ட வாக்ஸ் ஏசி30. மற்ற ஆம்ப்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் சாயலில்தான் இருக்கும்.

கை வைக்கும் முன்

ட்வின் ரிவெர்ப்பின் பிளேட்டில் சுமார் 460 வோல்ட் டிசி இருக்கும். மார்ஷலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வீட்டு லைனில் ஷாக் வாங்கி உதறிய அனுபவத்தை வைத்து இதை எடை போடக் கூடாது. இது ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அந்த வோல்டேஜ் உட்கார்ந்திருக்கும்.

ட்வினில் முதல் ஃபில்டர் என்பது தொடராக இணைத்த இரண்டு 70 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்டு. அந்த ரெசிஸ்டர்கள் நன்றாக இருந்தால் 460 வோல்ட் 10 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதில் ஒன்று திறந்துபோயிருந்தால்? அந்தப் பாதை அங்கேயே அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. "அஞ்சு நிமிஷம் ஆச்சு, வடிஞ்சிருக்கும்" என்பது அளவு இல்லை. மீட்டர் காட்டுவதுதான் அளவு.

வடிப்பதற்கு 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் உறை போட்ட வயரும் முதலை கிளிப்பும் வைத்துச் செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) மாட்டுங்கள். பிறகு அடுத்ததைக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். சில நொடிகள் கழித்து மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே விரல் போகலாம். பெரிய கெப்பாசிட்டர்களில் வடிந்த பிறகும் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி ஏறும் குணம் உண்டு. அதனால் வேலை முடியும்வரை கிளிப்பை எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்விட்ச் போடும் முன் எடுத்துவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் சேசிஸுக்குத் தட்டி வடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் அடிபடும், கண்ணுக்கும் ஆபத்து.

பிறகு சில கட்டாயங்கள். ஸ்பீக்கரோ அதே ஓம் கொண்ட டம்மி லோடோ இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஆன் செய்யக் கூடாது, ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மூன்று பின் பிளக்கும் உண்மையாகவே வேலை செய்யும் எர்த்தும் வேண்டும். மீட்டர் கேட் 3, 600 வோல்ட் அல்லது 1000 வோல்ட் தரத்தில் இருக்கட்டும். தெருக்கடையில் கிடைக்கும் மஞ்சள் மீட்டரின் வயர் உறையை நம்பி 460 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம். கறுப்பு ப்ரோபைக் கிளிப்பாக மாற்றி சேசிஸில் மாட்டிவிட்டால் ஒரு கை போதும், இன்னொரு கையைப் பையில் வையுங்கள். மோதிரம், காப்பு, செயின் எல்லாம் கழற்றிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கெப்பாசிட்டர் வடிப்பது வரை படித்ததும் தயக்கம் வந்தால், அடுத்து சொல்லப்போகும் பயாஸ் ப்ரோப் முறையோடு நிறுத்திக்கொண்டு மற்றதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளக்கும் வழிகள்

பாதுகாப்பானது பயாஸ் ப்ரோப். சாக்கெட்டுக்கும் டியூபுக்கும் நடுவே சொருகும் அடாப்டர் இது. கேத்தோடு மின்னோட்டத்தை அதுவே காட்டும், நல்லவற்றில் பிளேட் வோல்டேஜும் தெரியும். சேசிஸைத் திறக்காமலே அளவு கிடைத்துவிடும்.

அடுத்தது, ஒவ்வொரு டியூபின் கேத்தோடுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகச் சால்டர் செய்துவிடுவது. ஒரு சதவீதத் துல்லியம், ஒரு வாட் போதும். அதன் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லியாம்பியர். கணக்கே வேண்டாம். அளக்கும் இடத்தில் வோல்டேஜும் ஒன்றுமில்லை என்பதால் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

மூன்றாவது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ரெசிஸ்டன்ஸை வைத்து அளப்பது. ஆம்ப்பை அணைத்து, வடித்துவிட்டு, சென்டர் டேப்பிலிருந்து (சுற்றின் நடு முனை) ஒவ்வொரு பிளேட்டுக்கும் எத்தனை ஓம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண் வராது, சுற்றின் நீளம் வேறு என்பதால் ஒரு பக்கம் 22, இன்னொரு பக்கம் 25 என்று இருப்பது சாதாரணம். பிறகு ஆன் செய்து அதே இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜ் அளந்து ஓமால் வகுக்க வேண்டும். 22 ஓமில் 0.92 வோல்ட் என்றால் 42 மில்லியாம்பியர். ஒரு பக்கத்துக்கு இரண்டு டியூப் இருந்தால் பாதியாக்குங்கள். ஸ்கிரீன் மின்னோட்டம் கலக்காத சுத்தமான பிளேட் அளவு இது. ஆனால் இரண்டு ப்ரோபும் 460 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஆஃப் நிலையில் கிளிப்பை மாட்டி, ஆன் செய்து, எண்ணைப் படித்து, ஆஃப் செய்து, வடித்து, கழற்றுவது என்ற வரிசையில் மட்டும் செய்யுங்கள்.

மீட்டரை ஆம்பியர் ரேஞ்சில் வைத்து ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே நேராகப் பிடிக்கும் ஒரு வழியும் புழக்கத்தில் உண்டு. ப்ரோப் ஒரு முறை வழுக்கி சேசிஸைத் தொட்டால் 460 வோல்ட்டும் நேராக ஷார்ட். அதை இங்கே விளக்கப்போவதில்லை.

எவ்வளவு இருக்க வேண்டும்

ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்களுக்கு (கிரிட்டின் நெகட்டிவ் வோல்டேஜ் தனி சப்ளையிலிருந்து வருபவை), டியூபின் அதிகபட்ச பிளேட் வாட்டில் 70 சதவீதம் என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். 6எல்6ஜிசிக்கு 30 வாட், ஈஎல்34-க்கு 25, 6வி6ஜிடிக்கு பழைய கணக்கில் 12, ஈஎல்84-க்கு 12.

ட்வினில் பிளேட்டில், அதாவது பின் 3-இல், 455 வோல்ட் அளந்தோம் என்று வையுங்கள். 30-இல் 70 சதவீதம் 21 வாட். 21-ஐ 455-ஆல் வகுத்தால் 46 மில்லியாம்பியர். கேத்தோடில் அளக்கும்போது ஸ்கிரீன் மின்னோட்டமும் சேர்ந்து வரும், 6எல்6-இல் அது இரண்டு மில்லியாம்பியர் சுமார். மார்ஷலில் 470 வோல்ட் என்றால் 17.5-ஐ 470-ஆல் வகுக்க 37 வருகிறது. ஈஎல்34-இன் ஸ்கிரீன் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும், நான்கைந்து மில்லியாம்பியர் கூட்டிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கிரீன் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து பாருங்கள். ட்வினில் அது 470 ஓம், அதனால் ஒரு வோல்ட் விழுந்தால் இரண்டு மில்லியாம்பியர் சொச்சம்.

70 என்பது அடைந்தே தீர வேண்டிய இலக்கு இல்லை. 55 முதல் 65 சதவீதத்தில் நன்றாக ஒலிக்கும் ஆம்ப்கள் நிறைய. சுத்தமான ட்வின் ஒலி வேண்டுமென்றால் 60 பக்கம் வைப்பதில் டியூபுக்கும் ஆயுள், காதுக்கும் குறைவில்லை.

இனி அறிகுறிகள்.

பிளேட் சிவக்கிறது

முதலில் எது சிவப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். நடுவே ஹீட்டர் ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் படர்ந்து, வாசிக்கும்போது ஆடும் நீல ஒளியும் இயல்புதான், அதைப் பார்த்து டியூபைத் தூக்கிப் போட வேண்டாம். பிளேட் என்ற சாம்பல் நிறத் தகடே மங்கிய சிவப்பாக மாறுவதுதான் ஆபத்து. பெரும்பாலும் அதன் பக்கவாட்டுத் தையலை ஒட்டி ஒரு செங்குத்துப் பட்டையாகத் தொடங்கும், விளக்கை அணைத்தால் தெளிவாகத் தெரியும். கண்டவுடன் ஆம்ப்பை அணையுங்கள். "என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்று அரை நிமிடம் விட்டாலும் டியூப் கெடும், அதோடு ஸ்கிரீன் ரெசிஸ்டரும் போகலாம்.

எத்தனை டியூப் சிவந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எல்லாமே சிவந்தால் பயாஸ் சப்ளை. புஷ்-புல் ஜோடியில் (சிக்னலின் இரு பாதிகளை மாறி மாறிச் சுமக்கும் இரு பக்கங்கள்) ஒரு பக்கம் மட்டும் என்றால், முந்தைய டியூபிலிருந்து சிக்னலை மட்டும் கடத்தும் அந்தப் பக்கத்துக் கப்ளிங் கெப்பாசிட்டர் அல்லது கிரிட்டுக்குப் பயாஸைக் கொண்டுவரும் கிரிட் லீக் ரெசிஸ்டர். ஒரே ஒரு டியூப் என்றால் அந்த டியூப், அதன் சாக்கெட், கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் அதன் கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டர்.

அவுட்புட் டியூப்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் கிரிட் வோல்டேஜை அளக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள். டியூப் இல்லாததால் பிளேட் வோல்டேஜ் இன்னும் ஏறியிருக்கும், அணைத்த பிறகு அது வடிய டியூப் வழியும் இருக்காது. வடிக்கும் கிளிப் இங்கேதான் உயிர் காக்கும்.

ஆக்டல் (எட்டு பின்) சாக்கெட்டைக் கீழிருந்து பார்த்தால் பள்ளத்திலிருந்து கடிகார முள் திசையில் 1 முதல் 8. பின் 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கண்ட்ரோல் கிரிட், 8 கேத்தோடு, 2-உம் 7-உம் ஹீட்டர். கிரிட்டுக்குப் பக்கத்திலேயே 460 வோல்ட் ஸ்கிரீன் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ட்வினில் நிலைமை இன்னும் மோசம். ஸ்கிரீனின் 470 ஓம் ரெசிஸ்டர் பின் 6-இலிருந்து 4-க்கு, அதாவது பின் 5-இன் தலைக்கு மேலேயே தாண்டிப் போகும். ஆனால் அதே ஆம்ப்பில் 1500 ஓம் கிரிட் ஸ்டாப்பர் பின் 1-இலிருந்து 5-க்கு வருகிறது. அதனால் பின் 1-இல் அளந்தால் போதும், ப்ரோப் வழுக்கினாலும் பக்கத்தில் பெரிய வோல்டேஜ் இல்லை.

ஃபெண்டரின் பழைய வரைபடத்தில் அந்த இடத்துக்கு மைனஸ் 52 வோல்ட் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய அந்த அளவு எல்லா சாக்கெட்டிலும் வந்தால் பயாஸ் சப்ளை நன்றாக இருக்கிறது. எங்குமே இல்லையென்றால் பயாஸ் டயோடு, அதற்கு முந்தைய ரெசிஸ்டர், பிறகு பயாஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். வயதான ஆம்ப்பில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மீதுதான். அதை மாற்றும்போது பாசிட்டிவ் கால் சேசிஸுக்குப் போக வேண்டும். நெகட்டிவ் சப்ளை என்பதை மறந்து வழக்கம்போல் மாட்டினால் புதியதும் ஊதிவிடும்.

ஒரு பக்கத்துச் சாக்கெட்டுகளில் மட்டும் வோல்டேஜ் குறைந்திருந்தால் சுவாரஸ்யமான பகுதி வருகிறது. 220 கிலோ ஓம் கிரிட் லீக் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். டியூப் இல்லாதபோது அதன் வழியே மின்னோட்டமே ஓடக் கூடாது, அதனால் இரு முனையும் ஒரே எண் காட்ட வேண்டும். மீட்டரே 10 மெகா ஓம் பாரம் ஏற்றுவதால் கிரிட் பக்கம் ஒரு வோல்ட் குறைவாகத் தெரியும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு பக்கம் மைனஸ் 52, மறுபக்கம் மைனஸ் 44 என்றால் ஃபேஸ் இன்வெர்ட்டரின் (அவுட்புட் டியூப்களுக்கு முந்தைய டியூப்) பிளேட்டிலிருந்து கப்ளிங் கெப்பாசிட்டர் வழியே பாசிட்டிவ் வோல்டேஜ் கசிகிறது. 8 வோல்ட் வித்தியாசம் என்பது வெறும் 36 மைக்ரோஆம்பியர். ஓம் ரேஞ்சில் அந்தக் கெப்பாசிட்டரை எத்தனை முறை சோதித்தாலும் நல்லது என்றே காட்டும், ஏனென்றால் மீட்டரின் சின்ன பேட்டரியில் அது கசியாது. இருநூறு முந்நூறு வோல்ட் ஏறினால்தான் கசியும். ஒரு பக்கம் போனால் ஜோடியாக இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

டியூப் இல்லாதபோது இரு முனையும் சமமாக இருந்து, டியூப் போட்டதும் வித்தியாசம் வந்தால் குற்றவாளி டியூப். உள்ளே வாயு சேர்ந்து கிரிட் மின்னோட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். பிளேட்டுகளுக்கு நடுவே ஊதா அல்லது இளஞ்சிவப்பு மூட்டம் தெரிந்தாலும் அதே கதைதான். கண்ணாடி மேலே வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, அதை சாக்கெட்டில் போடவே வேண்டாம்.

எல்லா வோல்டேஜும் சரி, ஆனாலும் ஒரு டியூப் சிவக்கிறதா? பக்கத்து டியூபோடு இடம் மாற்றுங்கள். சிவப்பு டியூபோடு போனால் டியூப். அதே சாக்கெட்டில் நின்றால் பின் 5-இன் பிடி தளர்ந்திருக்கிறது. ஆம்ப்பை அணைத்து, வடித்து, சாக்கெட் உள்ளே இருக்கும் தகட்டை ஊசியால் மெல்ல நெருக்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் தீரும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு சீரிஸ் லேம்ப் செய்துகொள்ளுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராக இணைத்தால் போதும், எல்இடி பல்பு உதவாது. ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் தப்பிக்கும். அவுட்புட் டியூப் எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் ட்ரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபையரும் நலம், டியூப் அல்லது பயாஸ் பக்கம்தான் வழக்கு. டியூப் இல்லாமலும் பிரகாசமாக எரிந்தால் இது பயாஸ் விவகாரமே இல்லை, ரெக்டிஃபையர் டயோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் என்று தேடுங்கள். சீரிஸ் லேம்ப் மாட்டிய நிலையில் பயாஸ் எண்ணை அளந்து வைக்கக் கூடாது, எல்லா வோல்டேஜும் குறைந்துதான் இருக்கும்.

ஒலி வறட்சியாக இருக்கிறது

ஒரே ஒரு நோட்டை மிதமான வால்யூமில் அடித்து அது தேய்ந்து மறையும்வரை கேளுங்கள். வால் பகுதியில் மணல் அரைப்பது போல ஒரு பிசிறு வந்து நோட்டு சட்டென்று அறுந்தால் டியூப் மிகவும் குளிர்ந்திருக்கிறது. ஒரு டியூப் ஓய்வதற்கும் அடுத்தது பொறுப்பேற்பதற்கும் நடுவே இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளிதான் காதில் விழும் பிசிறு. ஆனால் கிழிந்த ஸ்பீக்கர் கோனும் இதே மாதிரி ஒலிக்கும். வேறு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பிறகு ஆம்ப்பைத் திறங்கள்.

புது டியூப் மாற்றிய கையோடு இந்த மாற்றம் வந்தால் காரணம் சுலபம். அதே பெயர் கொண்ட டியூப்களே கம்பெனிக்குக் கம்பெனி, ஜோடிக்கு ஜோடி வேறுபடும். இப்படி வந்த குளிர்ச்சிக்குத்தான் பிரீசெட் நேரான மருந்து. ஃபெண்டரில் 6எல்6-ஐ எடுத்துவிட்டு ஈஎல்34 போடும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஈஎல்34-இல் பின் 1 சப்ரெஸர் கிரிட், அது கேத்தோடோடு சேர வேண்டும். ஃபெண்டரில் அந்தப் பின்னில் பயாஸ் வோல்டேஜ் இருக்கிறது. ஹீட்டருக்கும் 0.9 ஆம்பியருக்குப் பதில் 1.5 ஆம்பியர் வேண்டும், நான்கு டியூபுக்கு அது பவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் தலையில் விழும்.

ஹம் சத்தம், இரண்டு டியூபில் இரண்டு எண்

50 ஹெர்ட்ஸ் லைனில் பிளேட் சப்ளையின் சிற்றலை 100 ஹெர்ட்ஸ். புஷ்-புல் அமைப்பில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அது ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்கம் 38, மறு பக்கம் 51 என்று இருந்தால் அழியாது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஹம் கேட்கும். 5 மில்லியாம்பியருக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் டியூப்களை இடம் மாற்றி, எண் டியூபோடு போகிறதா, சாக்கெட்டோடு நிற்கிறதா என்று பாருங்கள். டியூப்கள் சமமாக இருந்தும் ஹம் என்றால் பயாஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம்.

1968 வாக்கில் தொடங்கிய சில்வர்ஃபேஸ் ஃபெண்டர்கள் பலவற்றில் இருக்கும் பிரீசெட் பயாஸ் அளவை மாற்றாது, இரு பக்கத்தையும் சமப்படுத்த மட்டுமே உதவும். ஒரு டியூபில் எண் ஏற, மறு டியூபில் இறங்கினால் உங்கள் கையில் இருப்பது அந்த வகை. அதை எவ்வளவு திருகினாலும் மொத்த அளவு மாறாது, மொத்த அளவையே மாற்றும் பழைய பிளாக்ஃபேஸ் முறைக்கு வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.

எண் ஏறிக்கொண்டே போகிறது

ஆன் செய்த முதல் சில நிமிடங்களில் கொஞ்சம் அசைவது வழக்கம். கால் மணி நேரத்துக்குப் பிறகும் 40, 44, 49 என்று நிற்காமல் ஏறினால் அணைத்துவிடுங்கள். மேலே சொன்ன கிரிட் லீக் சோதனையை டியூப் போட்ட நிலையில் செய்தால் வாயு சேர்ந்த டியூப் அகப்பட்டுவிடும். ஏறாமல் முன்னும் பின்னும் ஆடினால் லைனைப் பாருங்கள். மாலையில் 215, நள்ளிரவில் 245 என்று லைன் ஆடும் இடத்தில் பிளேட் வோல்டேஜும் அதற்கேற்ப ஆடும். பயாஸ் வோல்டேஜும் கூடவே ஏறி இறங்குவதால் பாதி ஈடுகட்டிவிடும், முழுதாக இல்லை. அளக்கும் நேரத்தில் லைன் எவ்வளவு என்பதையும் குறித்துவையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுபவர்கள் பின் 2, 7-க்கு இடையே ஹீட்டர் ஏசியையும் அளக்க வேண்டும். 6.3 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம், தாண்டக் கூடாது.

கையை அருகே கொண்டுபோனாலோ பிரெஸன்ஸ் குமிழைத் திருப்பினாலோ எண் துள்ளினால் ஆம்ப் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஊசலாடுகிறது. வயர்கள் எங்கேயாவது இடம் மாறியிருக்கும், குறிப்பாக யாராவது உள்ளே வேலை பார்த்த பிறகு. பயாஸ் எண் அந்த நிலையில் பொய்.

மீட்டரில் பூஜ்யம், அல்லது நம்ப முடியாத எண்

ஸ்டாண்ட்பை (பிளேட் சப்ளையை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டபடி அளப்பது நிறையப் பேருக்கு நடக்கும். அது இல்லையென்றால் ஸ்கிரீன் ரெசிஸ்டரைச் சோதியுங்கள். அது திறந்துபோனால் டியூபின் ஹீட்டர் ஒளிரும், ஆனால் மின்னோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். முன்பு எப்போதோ ஒரு டியூப் ஷார்ட் ஆன ஆம்ப்களில் இது சகஜம்.

ஒரு ஓம் ரெசிஸ்டரே சூடு பட்டு 1.3 ஓம் ஆகியிருந்தால் 39 என்று காட்டும் டியூபில் உண்மையில் 30 தான் ஓடும். அதை அளக்கும்போது முதலில் இரு ப்ரோபையும் தொட்டு வைத்து வரும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிரீசெட்டே இல்லை

ஏசி30 கேத்தோடு பயாஸ், அதாவது தனி நெகட்டிவ் சப்ளை இல்லாமல் கேத்தோடு ரெசிஸ்டரே பயாஸைத் தரும். நான்கு ஈஎல்84-இன் கேத்தோடும் ஒரே 50 ஓம் ரெசிஸ்டரில் சேரும், திருக ஒன்றும் கிடையாது. அதன் குறுக்கே 10 வோல்ட் என்றால் மொத்தம் 200 மில்லியாம்பியர், டியூபுக்கு 50. ஸ்கிரீனைக் கழித்துக் கணக்குப் போட்டால் 12 வாட்டை ஒட்டியோ தாண்டியோ வரும், ஏசி30 அப்படித்தான், டியூபைச் சீக்கிரம் தின்னும். வோல்டேஜ் பூஜ்யத்தை நெருங்கி டியூப்கள் சிவந்தால் அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ஷார்ட். 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கலாம்.

இப்போது பிரீசெட்

சிவப்பு இல்லை, கசிவு இல்லை, டியூப்கள் ஏறக்குறைய சமம் என்றால் திருகலாம். வால்யூம் எல்லாம் பூஜ்யம், ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும், கால் மணி நேரம் சூடாகியிருக்க வேண்டும். புது டியூப் போட்டிருந்தால் ஆன் செய்யும் முன்பே பிரீசெட்டை நெகட்டிவ் அதிகமாகும் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள், எந்தப் பக்கம் என்பதை டியூப் இல்லாத சோதனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். உறை போட்ட, முனை மட்டும் வெளியே தெரியும் ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி நிறுத்துங்கள். மின்னோட்டம் ஏறும்போது பிளேட் வோல்டேஜ் இறங்கும். 460-இல் போட்ட கணக்கு 448-இல் செல்லாது, மறுபடி இரண்டையும் அளந்து மறுபடி வகுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் எண் உட்கார்ந்துவிடும். திருகும்போது எண் குதித்தால் பிரீசெட்டின் உள் தொடர்பு தேய்ந்துவிட்டது, சில ஆம்ப்களில் அது முழுதாக விட்டுப்போனால் பயாஸ் மொத்தமும் போய்விடும். கிளீனர் அடித்துச் சமாளிப்பதைவிட மாற்றிவிடுவது மலிவு.

பிறகு அரை மணி நேரம் வாசித்து, இருட்டில் பிளேட்டுகளைப் பார்த்து, ஒரு முறை மீண்டும் அளங்கள். தேதி, லைன் வோல்டேஜ், பிளேட் வோல்டேஜ், ஒவ்வொரு டியூபின் மில்லியாம்பியர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்து திறப்பவருக்கு எது மாறியிருக்கிறது என்று உடனே தெரியும்.